ஜாடி வண்டி

கமலத்தை அழகி என்று யாரும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அத்தைக்காரி, "கையப் பாருடி, மம்பட்டி மாதிரி இருக்குது" என்று கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். மெதுவாகச் சொல்லும் பழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை. கமலமும் மெதுவாகப் பேசும் ரகம் இல்லை. காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மம்பட்டி மாதிரி இருந்தாத்தான் வேலைக்கு ஆவும். சும்மா வச்சிப் பாக்கறதுக்குன்னா பொம்மை வாங்கிக்கிட்டுப் போங்க" என்றாள். மாப்பிள்ளை கொளஞ்சியப்பன் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள். லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் வீடு தங்க மாட்டான், தங்குகிற நாளில் கொஞ்சம் குடிப்பான் என்பதெல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டாள்.

கை வேலைக்கு ஆனது. விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம் விருத்தகிரி முதலாளிக்கு ஒரு சின்னக் கம்பெனி. ஊறுகாய் ஜாடி, பீங்கான் கோப்பை, பொம்மை எல்லாம் செய்வார்கள். முதலில் அங்கே மண் சுமக்கத்தான் கமலம் போனாள். சுமந்துகொண்டே அச்சு வேலை செய்கிறவர்களின் கையைப் பார்த்தாள். ஒரு நாள் அச்சுக்காரர் வராதபோது, "நான் போடறன்" என்று பிளாஸ்டரைக் கரைத்தாள். அதற்கப்புறம் அவள் மண் சுமக்கவில்லை.

அச்சு வேலையில் ஒரு சங்கதி உண்டு. களிமண் காய்ந்தால் சுருங்கும். சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். எட்டு விரல் உயரத்துக்கு ஜாடி வேண்டுமென்றால் மாதிரியை ஒன்பது விரலுக்குச் செய்ய வேண்டும். இதைப் புதிதாக வருகிறவர்கள் கணக்குப் போட்டுச் செய்வார்கள். கமலத்துக்குக் கணக்கு வேண்டாம், பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவள். கை தானாகக் கூட்டிப் போட்டுவிடும். வீட்டில் தோசை ஊற்றினால்கூட கல்லை விட்டு வெளியே வழியும். "இது வெந்து சுருங்காதுடி" என்று கொளஞ்சியப்பன் சிரிப்பான்.

அந்தக் கொளஞ்சியப்பன்தான் ஒரு நாள் வேப்பூர் ரோடு வழியாக, தன் லாரிக்குப் பின்னால் ஒரு மிலிட்டரி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். பட்டாளத்தில் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்தானாம். பச்சை நிறம், தவளை மாதிரி முன்பக்கம், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. பார்க்க லாரிக்குத் தம்பி, ஜீப்புக்கு அண்ணன் மாதிரி இருந்தது. மற்ற வண்டிக்கெல்லாம் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், இதில் சின்னக் கம்பி ஒன்றை இழுத்துவிட்டால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று தெருவுக்கே விளக்கம் சொன்னான். தண்ணீர் இல்லாத மணிமுத்தாற்று மணலில் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினான். பிறகு கமலத்தை ஓட்டச் சொன்னான். அவள் ஓட்டினாள். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் வண்டி பெட்ரோல் வண்டி. அது குடித்த குடி, அவன் குடித்ததைவிட மோசம். கொஞ்ச நாளில் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் புங்க மரத்தடியில் நிறுத்திவிட்டு, "டீசல் எஞ்சின் மாட்டுனா ராஜா மாதிரி ஓடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லிக்கொண்டிருந்தவன், வேப்பூர் புரோட்டாக் கடையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஊருக்குப் பிணமாகத்தான் வந்தான்.

பிள்ளை இல்லை. "நாங்கள்லாம் உனக்குப் பிள்ளைங்க இல்லியா" என்று சாவு வீட்டில் அழுதவர்கள் கருமாதி சாப்பாட்டோடு பிள்ளைக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். கமலம் மறுபடி கம்பெனிக்குப் போனாள், ஜாடி அச்சு போட்டாள், வந்து சோறாக்கினாள். வண்டியில் கோழி முட்டையிட்டது. சீட்டில் ஆடு படுத்துக்கொண்டது. தொட்டியில் மழைத் தண்ணீர் நின்று புங்கம்பூ மிதந்தது.

இதெல்லாம் பரவாயில்லை. கொழுந்தன் அர்ச்சுனன் வந்து நின்றதுதான் தொல்லை. அந்த மனை அவனுக்கும் அண்ணனுக்கும் பொது. கொட்டகை போட்டு யாராவது கம்பெனிக்காரனுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவனுக்கு நெடுநாள் ஆசை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. காலி இடத்தைக் கண்டால் அரிக்கும், அவ்வளவுதான்.

"அண்ணி, வேப்பூர் காயலான் கடைக்காரர்கிட்ட சொல்லிட்டன். வந்து எடைக்கு எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு. வர்றதுல நீங்க பாதி, நான் பாதி."

"எத எடைக்கு எடுக்கறாரு?"

"இந்த மிலிட்டரி எருமையத்தான்."

"எருமைய எடைக்கு விக்கறவன் கசாப்புக்காரன். இது ஓடற வண்டி."

அர்ச்சுனன் சிரித்தான். "எங்க ஓடுது? வேர் உட்டு நிக்குது."

கமலத்துக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் வரைக்கும் அவளும் அதை இரும்பு என்றுதான் நினைத்திருந்தாள். எடைக்குப் போடுகிறேன் என்று இன்னொருவன் சொன்னதும்தான் அது கொளஞ்சியப்பன் விட்டுப்போன ஒரே சாமான் என்று உறைத்தது. இன்னொன்றும் உறைத்தது. வருஷா வருஷம் ஐப்பசி பிறந்தால் களிமண் வெட்டுகிற குழியில் லாரி இறங்காது. இறங்கினால் ஏறாது. கம்பெனியெல்லாம் மண் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும், அவளுக்கும் கூலி கிடையாது. சேற்றில் ஏறுகிற வண்டியைப் புங்க மரத்தடியில் வைத்துக்கொண்டு அவள் மழைக்காலமெல்லாம் பட்டினி கிடந்திருக்கிறாள். தன் மண்டையில் தானே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

"நான் ஓட்டிக் காட்டறன்" என்றாள்.

"ஓட்டுங்க. ஐப்பசி மழை முடியறதுக்குள்ள இது தானா உருண்டு தெருவுக்கு வரட்டும். வந்துட்டா வண்டியும் உங்களுது, அது நிக்கிற எடமும் உங்களுது. நான் வாயே தெறக்க மாட்டன். வரலன்னா கார்த்திகை மொதல்ல காயலான் கடை. பேச்சு மாறக்கூடாது."

தெருவில் நாலு பேர் கேட்கத்தான் சொன்னான். கமலமும் நாலு பேர் கேட்கத்தான், "மாறாது" என்றாள்.

மங்கலம்பேட்டையில் சத்தார் பாய் என்று ஒரு மெக்கானிக். சவுதியில் பாலைவனத்து வண்டிகளை ரிப்பேர் பார்த்துப் பார்த்து இடுப்பு போய் ஊருக்குத் திரும்பியவர். கமலம் பஸ் பிடித்துப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், கீழே குனிந்து பார்த்தார், தொட்டியைத் தட்டினார். கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே குதித்தது.

"இவன் அண்ணன் தம்பியெல்லாம் சவுதியில எனக்குப் பழக்கம் தங்கச்சி. மணல்ல கழுத்து வரைக்கும் போனாலும் ஏறி வந்துடுவானுங்க. அடிப்பக்கம் நல்லா இருக்குது. கியர் பாக்ஸ் நல்லா இருக்குது. எஞ்சின் மட்டும் மவுத்து."

"டீசல் எஞ்சின் மாட்டலாம்னு அவரு சொல்லுவாரு."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. ஆனா என் இடுப்பு கனம் தூக்காது."

"தூக்கறது நான். சொல்றது நீங்க."

டீசல் எஞ்சினுக்கு எங்கே போவது? புருஷன் செத்த பிறகு கழற்றிய தாலியின் பொன் ஒரு மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானையில் கிடந்தது. அதை விற்றாள். திருச்சிப் பக்கம் ஒரு பட்டறையிலிருந்து பழைய வேன் எஞ்சின் ஒன்று வந்து இறங்கியது. தாலியை விற்று எஞ்சின் வாங்கினவள் என்று தெரு பேசியது. "கழுத்துல கெடந்தப்பவும் அவரத்தான் நம்புனன், இப்பவும் அவரு சொன்னதத்தான் நம்பறன்" என்று கமலம் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

வேறு விதமாகவும் பேசினார்கள். கம்பெனியில் கூட வேலை செய்யும் ராஜாம்பாள் டீ குடிக்கும்போது ஒரு நாள் கண்ணைச் சிமிட்டினாள்.

"ஏண்டி கமலம், பாய் வண்டிய ரிப்பேர் பண்றாரா, உன்னயா?"

"ரெண்டுக்கும் வயசாயிடுச்சிக்கா. வண்டிக்காவது ஸ்பேர் பார்ட்ஸ் கெடைக்குது."

ராஜாம்பாளுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இதைக் கேள்விப்பட்டோ என்னவோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் தன் சம்சாரத்தையும் மொபெட்டில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா புங்க மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் துரு இன்னும் போவல" என்று இரண்டு பேரையும் அதட்டிக்கொண்டிருந்தாள். ஊர் வாய் அடங்கிப் போனது.

வேலை நடந்தது. செத்த எஞ்சினைச் சங்கிலி போட்டு மரக்கிளையில் தூக்கி இறக்கினார்கள். துருப்பிடித்த போல்ட்டு ஒவ்வொன்றுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, கமலம் ஸ்பானரில் தொங்கினாள். தொட்டியின் அடித்தகடு அரித்துப் போயிருந்தது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேப்பம்பலகை அடித்தார்கள். புகைக்குழாய் கீழே இருந்தால் குழியில் தண்ணீர் ஏறும் என்று அதை மேலே தூக்கி, கதவு ஓரமாக நிறுத்தினார்கள். நகம் வைத்த மாதிரி முண்டு முண்டாக இருக்கும் பட்டன் டயர் மாட்டினார்கள். கம்பெனி விட்டு வந்து இருட்டுவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஞாயிற்றுக்கிழமை முழு நாள். கமலத்தின் ரவிக்கை எல்லாம் கிரீஸ். சோற்றிலும் கிரீஸ் வாசனை அடித்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் உண்மை.

கடைசியில் ஒரு இடத்தில் வந்து முட்டியது. புது எஞ்சின் ஒரு ஜாதி, கியர் பாக்ஸ் ஒரு ஜாதி. இரண்டின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நடுவில் ஒரு தடி வளையம் வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். அது கடையில் கிடைக்காது, அலுமினியத்தில் வார்த்துக்கொள்ள வேண்டும். வார்ப்பதற்கு மாதிரி வேண்டும்.

"மாதிரிதான? குடுங்க" என்றாள் கமலம்.

மாதிரி செய்வது அவளுக்குப் பிறவிக் கலை மாதிரி. கியர் பாக்ஸ் வாயில் பேப்பரை வைத்துக் கரி தேய்த்து வடிவம் எடுத்தாள். கம்பெனியிலிருந்து பிளாஸ்டர் கொண்டுவந்து கரைத்து ஊற்றி, செதுக்கி, தேய்த்து, முட்டை ஓடு மாதிரி வழவழவென்று ஒரு வளையம் செய்தாள். வார்ப்புப் பட்டறைக்காரரே, "இவ்ளோ சுத்தமான மாதிரிய நான் பாத்ததில்லைம்மா" என்றார். கமலம் தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வார்த்து வந்த அன்று அர்ச்சுனனும் வேடிக்கை பார்க்க வந்து நின்றான். சத்தார் பாய் வளையத்தை எடுத்துக் கியர் பாக்ஸ் வாயில் வைத்தார். வளையம் பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய்க் கியர் பாக்ஸின் கழுத்தில் தொளதொளவென்று தொங்கியது. பாய் இன்னொரு தரம் வைத்துப் பார்த்தார். இன்னொரு தரமும் தொங்கியது.

கமலம் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டாள். எட்டுக்கு ஒன்பது. கை தானாகக் கூட்டிப் போட்டிருக்கிறது. அலுமினியம் என்ன களிமண்ணா, சூளையில் வெந்து சுருங்க?

"பாய், அலுமினியம் சுருங்காதா?"

"ஒரு நூல் அளவு சுருங்கும் தங்கச்சி. இவ்ளோ ஏன் வச்ச?"

அர்ச்சுனன் தெருப் பக்கம் திரும்பி, "எல்லாம் வந்து பாருங்க! எங்கண்ணி வண்டிக்கு வளையல் போட்டுருக்குது!" என்றான்.

விதவையைப் பார்த்து வளையல் பேச்சு. தெருவில் இரண்டொருவர் சிரித்தார்கள், மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அர்ச்சுனனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். கமலம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.

அந்த வளையத்தையே உருக்கி இன்னொன்று வார்க்கலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். கமலம் கேட்கவில்லை. அதை வீட்டுக்குள் கொண்டுபோய்த் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் பிரிமணையாக வைத்தாள். குடம் கச்சிதமாக உட்கார்ந்தது. தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் அது கண்ணில் படட்டும், கைக்குப் புத்தி வரட்டும் என்று அவளுக்கு. உருக்குவதற்குக் கல்யாணச் சீராக வந்த பெரிய அலுமினிய அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். எத்தனையோ விருந்துக்குச் சோறு வடித்த கூடை. போகட்டும், விருந்துக்கு வருகிற கூட்டம்தான் கருமாதியோடு போய்விட்டதே.

இரண்டாவது மாதிரியைச் செதுக்குவதுதான் அவள் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை. கை கூட்டப் போகும், அவள் பிடித்து இழுப்பாள். ஒவ்வொரு செதுக்கலுக்கும் கியர் பாக்ஸில் வைத்துப் பார்ப்பாள். பழகின கையைத் திட்டிக்கொண்டே செதுக்கினாள். கடைசியில் மாதிரி நூல் பிசகாமல் பிடித்தது.

அதற்குள் மழை வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மழை, கேட்க வேண்டுமா? மணிமுத்தாறு கரை தொட்டு ஓடியது. பட்டறைக்காரர் கையை விரித்தார். "வார்ப்பு மண்ணெல்லாம் நனைஞ்சி போச்சிம்மா. ஈர மண்ணுல உருக்கி ஊத்துனா வெடிச்சிடும். மழை உட்டுக் காயட்டும்."

மழை விட்டால் கார்த்திகை. கார்த்திகை என்றால் காயலான் கடை.

கமலம் பட்டறை மண்ணைச் சாக்கில் கட்டி, ஒரு ஆட்டோவில் ஏற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோனாள். விருத்தகிரி முதலாளி வாசலில் உட்கார்ந்திருந்தார். குழியில் தண்ணீர் நிறைந்து களிமண் வரத்து நின்றுபோய், அவர் முகமும் ஈரமாகத்தான் இருந்தது.

"என்னா கமலம் இது, மூட்டை?"

"மொதலாளி, சூளை மேல இந்த மண்ணக் கொஞ்சம் காயப்போட்டுக்கறன்."

"சூளை என்னா உங்க வூட்டு மாடியா?"

"ஜாடி காயப்போட மண்ணு இல்லாம அந்த எடம் சும்மாதான் கெடக்குது. என் மண்ணு காஞ்சா வண்டி ஓடும். வண்டி ஓடுனா உங்க மண்ணு வரும்."

அவர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தார். "ஓடுமா?"

"ஓடாம பின்ன?"

"சரி, போடு. ஓடுனா மொத நடை என் கம்பெனிக்குத்தான். வேற எவனுக்காவது போனன்னு வச்சிக்க..."

"போவ மாட்டன்."

கடைசியாகப் போட்டிருந்த சூளையின் சூட்டில் மண் பொரிந்தது. வளையம் வார்த்து வந்தது. சத்தார் பாய் வைத்தார். டப் என்று உட்கார்ந்தது. பாய் கையை நெஞ்சில் வைத்து மேலே பார்த்தார்.

கார்த்திகை பிறந்தது. பிறந்த கையோடு, மழை கொஞ்சம் வெறித்த ஒரு காலையில், அர்ச்சுனன் காயலான் கடைக்காரரையும் அவருடைய மினி லாரியையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். அந்த நேரம் கமலம் வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு கடைசி போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். எஞ்சின் அதுவரை ஒரு தரம்கூட உறுமவில்லை.

"அண்ணி, பேச்சு மாறக்கூடாதுன்னீங்க."

அடியிலிருந்து கமலத்தின் குரல் வந்தது. "மழை முடியறதுக்குள்ளன்னு சொன்ன. மழை எங்க முடிஞ்சுது? மேல பாரு."

"கார்த்திகை மொதல்லன்னும் சொன்னன்." அர்ச்சுனன் லாரிப் பக்கம் திரும்பி, "வா, வா, ரிவர்ஸ்ல வா, அடி, அடி" என்று கையை ஆட்டினான்.

லாரி தெருவிலிருந்து பின்னாலேயே மனைக்குள் வந்தது. மனை முழுக்கக் கரிசல் மண், அதில் ஒரு மாத மழை. பாதி தூரம் வந்து ஒரு தரம் உறுமியது, பின்சக்கரம் சுற்றியது, சேற்றை அர்ச்சுனன் வேட்டி மேல் வாரி அடித்தது, அப்படியே அச்சு வரைக்கும் இறங்கி உட்கார்ந்துவிட்டது. தள்ளினார்கள். பலகை போட்டார்கள். கம்பெனிக் குப்பையிலிருந்து உடைந்த பீங்கான் ஓட்டை வாரிவந்து கொட்டினார்கள். சக்கரம் எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கீழே போனது.

"என்னாய்யா, எருமை தூக்கிக்கிட்டுப் போவ வரச் சொல்லி என் லாரிய இங்க பொதைக்கறியா?" என்று காயலான் கடைக்காரர் கத்தினார்.

கமலம் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தாள். முகத்தில் பாதி கிரீஸ். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். சத்தார் பாயைப் பார்த்தாள். பாய், "இன்ஷா அல்லா" என்றார். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

வண்டி இருமியது. நின்றது. மறுபடி திருப்பினாள். இருமியது, நிமிர்த்தி வைத்த குழாயிலிருந்து கரும்புகை புங்க மரத்துக்குள் புகுந்தது, காக்கைகள் எழும்பின, அப்புறம் தடதடதட என்று எஞ்சின் பிடித்துக்கொண்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. அர்ச்சுனன் வேட்டியைத் துடைப்பதை நிறுத்தினான்.

கமலம் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். பின்சக்கரம் சேற்றைப் பீய்ச்சியது. வண்டி இருந்த இடத்திலேயே ஆடியது. ஒரு அங்குலம் நகரவில்லை.

"பாத்தீங்களா, இதுவும் பொதைஞ்சிடுச்சி" என்றான் அர்ச்சுனன். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது, அதை மறைக்கவும் அவனுக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி! சின்னக் கம்பி! சின்னக் கம்பி!" என்று சத்தார் பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

ஆற்று மணலில் கொளஞ்சியப்பன் அவள் கை மேல் தன் கையை வைத்து இழுத்துக் காட்டிய கம்பி. எப்படி மறந்தாள்? கையை இறக்கிச் சின்னக் கம்பியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். கீழே எங்கேயோ இரும்பு இரும்பைக் கவ்வியது. மறுபடி கிளட்சை விட்டாள். இந்தத் தடவை முன்சக்கரமும் மண்ணைப் பிறாண்டியது. புங்க மரத்தடியை விட்டு, வேர் விட்டு நிற்கிறது என்று சொன்னார்களே, அந்த வண்டி கிளம்பியது. வழியில் லாரி உட்கார்ந்திருந்தது. கமலம் லாரிக்கும் வேலிக்கும் நடுவில் ஸ்டீயரிங்கை ஒடித்தாள். அர்ச்சுனன் புதிதாகக் கட்டிய முள்வேலி மொறுமொறுவென்று சாய்ந்தது. வேலியை மிதித்துக்கொண்டு வண்டி தெருவில் போய் நின்றது.

நின்றதோடு விடவில்லை. "பாய், சங்கிலி!" என்றாள். சங்கிலியை லாரியின் முன்கொக்கியில் மாட்டினார்கள். கமலம் மெல்ல, அச்சிலிருந்து வேகாத பச்சை ஜாடியை எடுப்பது மாதிரி, பதறாமல் கிளட்சை விட்டாள். சங்கிலி விறைத்தது. புகை போனது. சேறு ஒரு பெரிய சத்தத்தோடு லாரியை விட்டது. காயலான் கடை லாரி, வண்டியின் பின்னாலேயே கன்றுக்குட்டி மாதிரி தெருவுக்கு வந்து சேர்ந்தது.

ராஜாம்பாள் எங்கிருந்தோ ஓடிவந்து குலவை போட்டாள். கமலம் இறங்கி அர்ச்சுனனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"தானா உருண்டு தெருவுக்கு வரணும்னு சொன்ன. இன்னொண்ணயும் இழுத்துக்கிட்டு வந்திருக்குது. பரவால்லியா?"

அதற்குப் பதில் சொன்னது காயலான் கடைக்காரர்தான். "இதையா எடைக்குப் போடச் சொன்ன? உன்ன எடைக்குப் போடலாம்யா."

எல்லாரும் போன பிறகு அர்ச்சுனன் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். "அண்ணி, கொஞ்சம் தண்ணி" என்றான். கமலம் மொள்ளப் போனவள் நின்று, "நீயே உள்ள வந்து மொண்டு குடி" என்றாள். அவன் குடத்தைச் சாய்த்தான். அடியில் வளையம் பளபளத்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அன்னிக்கி நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி."

"கூடாதுதான்" என்றாள் கமலம். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. பரவாயில்லாததைப் பரவாயில்லை என்று சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆனால் தட்டில் சோறு போட்டாள். அவனும் சாப்பிட்டான். கொட்டகைப் பேச்சு அதோடு போனது.

சொன்னபடி முதல் நடை விருத்தகிரி கம்பெனிக்குத்தான். லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நிற்க, கமலத்தின் வண்டி குழியில் இறங்கி, களிமண்ணை ஏற்றிக்கொண்டு, வழுக்கி வழுக்கி, சின்னக் கம்பியின் புண்ணியத்தில் மேலேறி வந்தது. அந்த மழையில் மற்ற சூளைகள் அணைந்து கிடக்க, விருத்தகிரியின் சூளையில் மட்டும் புகை வந்தது. பிறகு மற்ற கம்பெனிக்காரர்களும் வாசலில் வந்து நின்றார்கள். கமலம் முறைப்படி எட்டுப் போட்டுக் காட்டி லைசென்சும் எடுத்துவிட்டாள். எட்டும் கொஞ்சம் பெரிய எட்டாகத்தான் போட்டாளாம். அச்சு வேலையையும் விடவில்லை. வெயில் காலத்தில் அச்சு, மழைக்காலத்தில் வண்டி.

தையில் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தாள். பச்சை வேண்டாம், பட்டாளத்துக்காரன் நிறம் எனக்கெதற்கு என்றாள். தன் கையால் எத்தனையோ ஜாடிக்கு அச்சு போட்டவள் ஆயிற்றே, மேலே ஊறுகாய் ஜாடியின் காபி நிறம், கீழே சந்தன வெள்ளை. அன்றிலிருந்து அது ஜாடி வண்டி. மழையில் எவன் லாரி புதைந்தாலும், "ஜாடி வண்டியக் கூப்பிடு" என்கிறார்கள். காயலான் கடைக்காரரே இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.

எழுத்து எழுத வந்த பெயிண்டர், முன்கண்ணாடிக்கு மேலே 'கொளஞ்சியப்பர் துணை' என்று எழுதினார். சாமி பெயர், புருஷன் பெயரும் அதில் வந்துவிட்டது, கமலத்துக்குத் திருப்தி. பின்னால் என்ன எழுத என்று கேட்டார்.

"என் பேர எழுது."

பெயிண்டர் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். கமலத்துக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பின்னால் தள்ளிப்போய் நின்று, தலையைச் சாய்த்து, ஜாடியைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"பத்தாது. இன்னும் பெருசா எழுது."

"இதுக்கு மேல பெருசு போட்டா பலகை பூரா பேராத்தாம்மா இருக்கும். எதுக்கு அவ்ளோ பெருசு?"

"சேத்துல எல்லாரும் எனக்குப் பின்னாலதான வரப்போறானுங்க," என்றாள் கமலம். "படிக்கட்டும்."